மேசையில் உட்கார்ந்தபடி ஒரு தனிமொழி: ஸ்பால்டிங் கிரே வழி

தனிமொழி என்றால் ஒருவரே மேடையில் இருந்து தன் கதையைச் சொல்வது. அதற்குப் பெயர்பெற்ற அமெரிக்க நடிகர் ஸ்பால்டிங் கிரேயின் மேடையில் இருந்தது கொஞ்சம்தான்: மேசை, நாற்காலி, ஒரு டம்ளர் தண்ணீர், நோட்டு, மைக்.

வசனத்தை முழுதாக எழுதாதீர்கள். மனப்பாடமானால் பேச்சு ஒப்பிப்பாகிவிடும். நோட்டில் குறிப்புச் சொற்கள் போதும். சின்ன அரங்கில் சொல்லி, பதிவு செய்து, மறுநாள் கேளுங்கள். பார்வையாளர்களிடம் சிரிப்பு எங்கே வந்தது, இருமல் எங்கே கிளம்பியது என்று குறித்து (இருமல் பொய் சொல்லாது) வரிசையை மாற்றுங்கள். கிரேயும் பதிவுகளைக் கேட்டுத்தான் திருத்தினார்.

விஷயம் பெரிதாக இருக்க வேண்டாம். 1984-இல் வந்த ‘தி கில்லிங் ஃபீல்ட்ஸ்’ படத்தில் அவருக்குச் சிறு வேடம்தான். அந்தப் படப்பிடிப்பிலிருந்தே அவருடைய புகழ்பெற்ற தனிமொழி பிறந்தது.

கூனி உட்கார்ந்தால் மூச்சு குறையும், வாக்கியக் கடைசி விழுங்கப்படும். நாற்காலி நுனிக்கு வாருங்கள். காட்சி மாறும் இடத்தில் ஒரு மடக்குத் தண்ணீர். சிரிப்பின் நடுவே குடிக்காதீர்கள், புரையேறும்.