ஓரிகன் கடற்கரையில் ஆறு நாள் சைக்கிள் முகாம்: முதல்முறை குழுவாகப் போகிறவர்களுக்கு

அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்தில் வேலை பார்க்கும் நாங்கள் ஆறு பேர். முதல்முறை ஓரிகன் கடற்கரையில் சைக்கிளில் கிளம்பியபோது டென்ட் போட்டுப் பழகியவர்கள் இரண்டு பேர்தான். மூன்றாம் நாள் மத்தியானம் ஒருவருக்குப் பின்சக்கரக் கம்பி உடைந்தது. இன்னொருவருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. பயணத்தைப் பாதியிலேயே முடித்துக்கொண்டு வாடகை வேனில் திரும்பினோம். ஒரு நாளைக்கு 60 மைல் என்று திட்டம் போட்டோம், ஆளுக்கு 25 கிலோ ஏற்றினோம், அதுதான் காரணம். அடுத்த வருடம் இரண்டையும் ஏறக்குறைய பாதியாக்கினோம். அந்தப் பயணத்தைத்தான் இன்றும் கூடும்போதெல்லாம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

குறைந்த தூரம், குறைந்த பாரம். கீழே உள்ள எல்லாப் படிகளும் இதை ஒட்டியவைதான்.

படி 1: எங்கே, எந்தத் திசையில்

அமெரிக்காவில் சைக்கிளில் முகாம் போக எத்தனையோ பாதைகள் இருக்கின்றன. நான் ஓரிகனைச் சொல்வதற்குக் காரணம் அங்குள்ள மாநிலப் பூங்காக்கள். கடற்கரை நெடுகப் பல பூங்காக்களில் ‘ஹைக்கர்-பைக்கர்’ என்று தனி இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். நடந்தோ சைக்கிளிலோ வருகிறவர்களுக்கு மட்டும்தான் அந்த இடம். முன்பதிவு கிடையாது. ஆளுக்கு இவ்வளவு என்று சிறு தொகை வாங்கிக்கொள்வார்கள், வெந்நீர்க் குளியலும் அதிலேயே அடக்கம். காரில் வருகிறவர்கள் கோடையில் இடம் கிடைக்க மாதக்கணக்கில் முன்னால் பதிவு செய்யவேண்டிய பூங்காவில், நீங்கள் சாயங்காலம் போய் இறங்கி டென்ட் போடலாம். 1967ல் வந்த சட்டத்தால் ஓரிகனில் கடற்கரை மணல் முழுவதும் பொதுமக்கள் நடமாடும் இடம். எங்கே வேண்டுமானாலும் இறங்கிக் கடலைப் பார்க்கலாம்.

வடக்கே அஸ்டோரியாவிலிருந்து தெற்கே கலிஃபோர்னியா எல்லைவரை கடற்கரை சைக்கிள் பாதை சுமார் 370 மைல். பெரும்பகுதி 101ஆம் நெடுஞ்சாலை ஓரமாகவே போகும். எப்போதும் வடக்கிலிருந்து தெற்கே போங்கள். கோடையில் காற்று வடமேற்கிலிருந்து வீசுவதால் முதுகில் கை வைத்துத் தள்ளுவதுபோல இருக்கும். இன்னொன்று, அங்கே வண்டிகள் சாலையின் வலதுபக்கம் போகும். தெற்கே போகும்போது கடலும் வலதுபக்கம்தான். காட்சிமுனையில் நிற்கச் சாலையைக் குறுக்கே கடக்க வேண்டியதில்லை.

ஜூலை முதல் செப்டம்பர் நடுவரை நல்ல காலம். காலையில் மூடுபனி இருக்கும், இரவில் நன்றாகக் குளிரும்.

படி 2: நாட்களைப் பிரித்தல்

முதல்முறையே 370 மைலும் வேண்டாம். வடபாதி போதும்: அஸ்டோரியா பக்கத்தில் தொடங்கி ஃப்ளோரன்ஸ் ஊர்வரை, சுமார் 200 மைல், ஆறு நாள். முந்தின நாள் சாயங்காலமே ஃபோர்ட் ஸ்டீவன்ஸ் பூங்காவுக்குப் போய்த் தங்கிவிடுங்கள். 1906ல் கரைதட்டிய பீட்டர் ஐர்டேல் கப்பலின் துருப்பிடித்த எலும்புக்கூடு அங்கே மணலில் நிற்கிறது. சூரியன் மறையும் நேரத்தில் பார்க்கவேண்டும். கீழே ஒவ்வொரு நாளும் முடிவது ஒரு மாநிலப் பூங்கா முகாமில்.

- நாள் 1: ஃபோர்ட் ஸ்டீவன்ஸ் – நெஹேலம் பே, சுமார் 42 மைல். கேனன் பீச்சில் 235 அடி உயர ஹேஸ்டாக் பாறை எதிரே மதியச் சாப்பாடு.
- நாள் 2: நெஹேலம் பே – கேப் லுக்அவுட், சுமார் 37 மைல். வழியில் டில்லமூக் சீஸ் ஆலை. ஐஸ்கிரீம் சாப்பிடாமல் யாரும் தாண்டியதில்லை.
- நாள் 3: கேப் லுக்அவுட் – லிங்கன் சிட்டியில் உள்ள டெவில்ஸ் லேக், சுமார் 40 மைல்.
- நாள் 4: டெவில்ஸ் லேக் – நியூபோர்ட் தாண்டி சவுத் பீச், சுமார் 30 மைல்.
- நாள் 5: சவுத் பீச் – வாஷ்பர்ன், சுமார் 33 மைல்.
- நாள் 6: வாஷ்பர்ன் – ஃப்ளோரன்ஸ் தாண்டி ஹனிமேன், சுமார் 17 மைல்.

‘இவ்வளவு கம்மியா?’ என்று எங்கள் குழுவிலும் கேட்டார்கள். சுமையோடு, மேடு பள்ளத்தில், ஆறு பேர் சேர்ந்து போகும்போது மணிக்கு 8 அல்லது 9 மைல்தான் வரும். இதில் சாப்பாடு, பஞ்சர், புகைப்படம் எல்லாம் உண்டு. காலை 9 மணிக்குக் கிளம்பினால் 3 மணிவாக்கில் போய்ச் சேரலாம். ஜூலையில் அங்கே இருட்ட ஒன்பது மணிக்கு மேல் ஆகும். அந்த மிச்ச ஐந்தாறு மணி நேரத்துக்காகத்தான் இந்தப் பயணமே.

மூன்றாம் நாளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கேப் லுக்அவுட் முகாமை விட்டு வெளியே வந்த உடனே ஏற்றம் தொடங்கிவிடும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 800 அடி. உடம்பு சூடாவதற்குள் வரும் ஏற்றம் இது. இறங்கித் தள்ளிக்கொண்டு போவதில் ஒரு குறையும் இல்லை. அதே நாள் நெஸ்கோவின் தாண்டியதும் 101ஐ விட்டு ஸ்லாப் கிரீக் சாலையில் திரும்பிவிடுங்கள். பழைய நெடுஞ்சாலை அது. அடர்ந்த காட்டு நிழல், வண்டிகள் எப்போதாவது ஒன்று வரும். ஆறு நாளில் எனக்கு மிகப் பிடித்த சாலை.

பூங்காக்களில் பராமரிப்பு வேலைக்காக முகாம் மூடுவது உண்டு. கிளம்பும் முன் ஓரிகன் மாநிலப் பூங்காத் துறையின் இணையதளத்தில் ஒவ்வொரு முகாமையும் சரிபாருங்கள். ஆறேழு பேருக்கு மேல் போனால், பூங்காவுக்கு முன்கூட்டியே போன் செய்துவிடுங்கள். ஹைக்கர்-பைக்கர் இடம் சின்னது, மற்றவர்களும் வருவார்கள்.

படி 3: சைக்கிள்

புதிதாக வாங்க வேண்டாம். பின்னால் கேரியர் மாட்ட வசதி, நல்ல பிரேக், ஏற்றத்துக்கு லேசான கியர், கொஞ்சம் அகலமான டயர், இவை இருந்தால் எந்த சைக்கிளும் போகும். கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன் கடையில் கொடுத்து செயின், பிரேக் கட்டை, சக்கரக் கோட்டம் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். சீட் உயரத்தையும் சரிசெய்துகொள்ளுங்கள். பெடல் கீழே இருக்கும்போது கால் ஏறக்குறைய நீண்டு, முழங்காலில் லேசான மடிப்பு மட்டும் இருக்கவேண்டும். முழங்கால் வலிக்குப் பெரும்பாலும் தாழ்ந்த சீட்டுதான் காரணம்.

படி 4: பாரம்

எங்களைக் கவிழ்த்தது இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதுகில் பை மாட்டவே கூடாது. கேரியரின் இரண்டு பக்கமும் தொங்கும் பைகளை பானியர் என்பார்கள். எல்லாம் அதில்தான். கனமானவை அடியில், இரண்டு பக்கமும் சம எடை. மழைக்கோட்டு, பஞ்சர் சாமான், தின்பண்டம் மேலே. துணி, ஸ்லீப்பிங் பேக் இரண்டையும் முதலில் பிளாஸ்டிக் பையில் கட்டி அப்புறம் உள்ளே வையுங்கள். மழை வராவிட்டாலும் பனி நனைத்துவிடும்.

ஆளுக்கு 12 முதல் 15 கிலோ என்று எல்லை வையுங்கள். அதைத் தாண்டாமல் இருக்க ஒரே வழி, குழுச் சாமானைப் பங்கு போடுவது. ஆறு பேருக்கு இரண்டு அடுப்பு, இரண்டு பாத்திரம், ஒரு காற்றடிக்கும் பம்ப், ஒரு கருவிப்பை, ஒரு முதலுதவிப் பை போதும். இரண்டு பேர் டென்டில் கம்பி ஒருவரிடம், துணி இன்னொருவரிடம். எங்கள் முதல் பயணத்தில் ஆறு பேரிடம் ஆறு அடுப்பு இருந்தது! கிளம்புவதற்கு ஒரு வாரம் முன் ஒருவர் வீட்டில் கூடி, எல்லாவற்றையும் தரையில் பரப்பி, எடைபோட்டுப் பாருங்கள். கொஞ்சம் சங்கடமான சாயங்காலமாக இருக்கும். மூன்றாவது ஜீன்ஸை யாரோ ஒருவர் எடுத்து வெளியே வைக்கத்தான் வேண்டும்.

தனித்தனியாக ஒவ்வொருவரிடமும் இருக்கவேண்டியவை: தன் டயர் அளவுக்கு இரண்டு ட்யூப், இரண்டு தண்ணீர் பாட்டில், முன்விளக்கு, பின்விளக்கு, பளிச்சென்ற மஞ்சள் மேலங்கி, ஹெல்மெட், கைப்பிடியில் மாட்டும் சின்னக் கண்ணாடி. மெத்தை வைத்த சைக்கிள் கால்சட்டை இரண்டு வாங்குங்கள். அதற்குள் ஜட்டி போடக்கூடாது, தையல் உராய்ந்து புண்ணாகிவிடும். தினமும் துவைத்துப் போடுங்கள்.

படி 5: ஒத்திகை

இரண்டு மாதம் முன்பிருந்து வாரம் மூன்று நாள் மிதியுங்கள். அதைவிட முக்கியம், முழுச் சுமையோடு ஒரு ராத்திரி ஒத்திகை. போர்ட்லாந்துக்காரர்களுக்கு பேங்க்ஸ்–வெர்னோனியா பாதை இருக்கிறது. பழைய ரயில் தடத்தைச் சைக்கிள் பாதையாக மாற்றியது, 21 மைல், கார் கிடையாது. நடுவில் ஸ்டப் ஸ்டூவர்ட் மாநிலப் பூங்கா, அங்கே டென்ட் போடலாம். முதல் நாள் மிதித்த உடம்போடு மறுநாள் காலை சீட்டில் உட்காரும்போது எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரியும்.

படி 6: சாலையில் ஆறு பேர்

தமிழ்நாட்டில் சைக்கிள் பழகியவர்களுக்கு முதலில் ஒன்று: வலதுபக்கம், எப்போதும் வலதுபக்கம். டீக்கடையில் நின்று திரும்பக் கிளம்பும்போது பழக்கதோஷத்தில் கை இடதுபக்கம் திருப்பும். நான் இரண்டு முறை திருப்பியிருக்கிறேன்.

வரிசையாக, ஒருவர் பின் ஒருவராக. இருவர் இருவராகச் சேர்ந்து பேசிக்கொண்டு போவது 101ல் ஆகாது. மரம் ஏற்றிய லாரிகளும், கண்ணாடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், உள்ளேயே தங்கிப் பயணிக்கும் பெரிய வீட்டு வண்டிகளும் ஒட்டிப் போகும். மூன்று பேர் மூன்று பேராகப் பிரிந்து, நடுவில் நல்ல இடைவெளி விட்டால் கார்க்காரர்கள் முந்துவது எளிது.

வழி தெரிந்தவர் முன்னால், கருவிப்பை வைத்திருப்பவர் கடைசியில். ஒவ்வொரு திருப்பத்திலும் முன்னால் போனவர் நின்று, எல்லோரும் வந்தபின்தான் நகரவேண்டும். பத்து மைலுக்கு ஒருமுறை எல்லோரும் கூடுங்கள். இதில் ஒரு விஷயம். கடைசியில் வருகிறவர் வந்து சேர்ந்ததும் மற்றவர்கள் எழுந்து கிளம்பிவிடுவார்கள். அவருக்கு ஓய்வே இருக்காது. எங்கள் குழுவில் ஒரு அக்கா இப்படியே ஒரு நாள் முழுக்க ஓய்வில்லாமல் மிதித்து, ராத்திரி சாப்பிடாமல் படுத்துவிட்டார். அன்றிலிருந்து கடைசி ஆள் வந்து பத்து நிமிடம் ஆனபிறகுதான் கிளம்புவது என்று வைத்துக்கொண்டோம்.

பல இடங்களில் போன் சிக்னல் இருக்காது. வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள். ஓரிகன் போக்குவரத்துத் துறை இந்தப் பாதைக்கென்றே ஒரு வரைபடம் வெளியிட்டிருக்கிறது. ஆளுக்கு ஒன்று அச்செடுத்துக்கொள்ளுங்கள்.

படி 7: சுரங்கம், பாலம்

புதியவர்கள் பயப்படுவது இரண்டு சாலைச் சுரங்கத்துக்கு: முதல் நாள் ஆர்ச் கேப், ஆறாம் நாள் ஹெசீட்டா ஹெட் முனை பக்கம் கேப் கிரீக். வாசலுக்கு முன் ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் சுரங்கத்தில் சைக்கிள் இருக்கிறது என்று எச்சரிக்கை விளக்கு மின்னும். ஆறு பேரும் சேரும்வரை காத்திருங்கள், விளக்குகளைப் போடுங்கள், குளிர்கண்ணாடியைக் கழற்றுங்கள், பின்னால் வண்டி இல்லாத நேரம் பார்த்துப் பொத்தானை அழுத்தி எல்லோரும் ஒன்றாக உள்ளே போங்கள். அந்த இரண்டு இடத்தில் மட்டும் பிரியாமல் போவது நல்லது.

நான்காம் நாள் கேப் ஃபவுல்வெதர் வரும்போது ஓட்டர் கிரெஸ்ட் சாலையில் திரும்புங்கள். 1778ல் கேப்டன் குக் மோசமான வானிலையில் வந்து பெயர் வைத்த முனை. ஒருவழிச் சாலை, சைக்கிளுக்குத் தனித் தடம் உண்டு. அதே நாள் நியூபோர்ட்டில் 1936ல் கட்டிய யக்வினா பே பாலம். அழகான பாலம், ஆனால் குறுகல், பக்கவாட்டில் காற்றடிக்கும். நடைமேடையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விடுங்கள்.

படி 8: முகாமில்

வந்ததும் பணம் கட்டிவிடுங்கள், சில்லறை நோட்டு வைத்திருப்பது நல்லது. அடுத்து டென்ட், அடுத்து குளியல், அப்புறம்தான் கடல். இந்த வரிசை மாறினால் இருட்டில் டென்ட் கம்பியைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

ரக்கூன்கள் கெட்டிக்காரப் பிராணிகள். பானியர் கொக்கியைத் திறக்கத் தெரியும். எங்கள் முறுக்கு முழுவதையும் ஒரே ராத்திரியில் தின்று தீர்த்தன. சில முகாம்களில் பூட்டும் பெட்டி உண்டு. இல்லாவிட்டால் சாப்பாட்டை இறுக மூடும் டப்பாவில் வையுங்கள், மேசையில் எதையும் விடாதீர்கள்.

கடலில் நீந்தலாம் என்று நினைக்காதீர்கள். கோடையிலும் தண்ணீர் உறைய வைக்கும், எதிர்பாராத பெரிய அலை வரும். மணலில் கிடக்கும் பெரிய மரங்களை அலை புரட்டிவிடும், அவற்றில் ஏறி நிற்கவும் வேண்டாம். கடற்கரை நெடுக சுனாமி எச்சரிக்கைப் பலகைகள் இருக்கும். 2004ஐப் பார்த்த நமக்கு விளக்க வேண்டியதில்லை. முகாமிலிருந்து மேட்டுக்குப் போகும் வழியை வெளிச்சத்திலேயே பார்த்து வையுங்கள். தரை பலமாக ஆடினால் சங்கு ஊதும்வரை காத்திராமல் ஏறிவிடுங்கள்.

படி 9: சாப்பாடு

அவல், வறுத்த ரவையில் செய்த உப்புமாக் கலவை, புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, கொஞ்சம் நெய். இவை எடை குறைவு, கெடாது. காலையில் அவலை நனைத்து எலுமிச்சை பிழிந்து தாளித்த கடலை போட்டால் பத்து நிமிடம். சாதத்துக்கு அரிசியைச் சமைக்கும் முன்பே ஊறவைத்தால் எரிவாயு மிச்சம். தினமும் ஊர் வரும் என்பதால் இரண்டு வேளைக்கு மேல் சுமக்க வேண்டாம். ஐந்தாம் நாள் மட்டும் யாஹாட்ஸ் ஊரிலேயே இரவுக்கும் மறுநாள் காலைக்கும் வாங்கிவிடுங்கள். அதற்குப் பின் ஃப்ளோரன்ஸ்வரை கடை என்று சொல்லும்படி இல்லை.

படி 10: கடைசி நாளும் திரும்புதலும்

ஆறாம் நாளை 17 மைலாக வைத்தது வேண்டுமென்றேதான். காலையில் ஹெசீட்டா ஹெட் கலங்கரை விளக்கத்துக்கு நிதானமாக நடந்து ஏறலாம், 1894லிருந்து நிற்கிறது. சுரங்கம் தாண்டி மேட்டில் ஏறித் திரும்பிப் பார்த்தால் முழு முனையும் தெரியும். ஹனிமேன் பூங்காவில் மணற்குன்று நேராக ஏரியில் இறங்குகிறது. அந்த ஏரியில் நீந்தலாம்.

திரும்புவதற்குக் கிளம்பும் முன்பே ஏற்பாடு செய்யுங்கள். நாங்கள் ஒரு நண்பரை ஃப்ளோரன்ஸுக்கு வேன் கொண்டுவரச் சொல்லிவிடுகிறோம். வீட்டுக்கு வந்த ராத்திரியே, எவ்வளவு களைப்பாக இருந்தாலும், டென்டைக் கூடத்தில் விரித்துப் போடுங்கள். ஈரத்தோடு ஒரு வாரம் சுருட்டி வைத்தால் பூஞ்சை பிடித்துவிடும். செயினில் ஒட்டிய உப்பையும் மணலையும் மறுநாள் துடைத்து எண்ணெய் விடுங்கள்.