அட்டாமிக் மாறிகளைக் கம்பைலர் கையாளும் விதம்: செய்து பார்க்க ஒரு பயிற்சி

நெல்லைச் சீமையின் பாசனத்துக்கு ஆதாரமான பாபநாசம் அணையின் நீர்மட்டத்தை ஒரு நிரல் கண்காணிப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு த்ரெட் (நிரலுக்குள் மற்றவற்றோடு இணையாக இயங்கும் தனிச் செயலோட்டம்), உணரி தந்த அளவை ‘மட்டம்’ என்ற மாறியில் எழுதிவிட்டு, ‘தயார்’ என்ற மாறியை 1 ஆக்குகிறது. மற்றொரு த்ரெட், ‘தயார்’ 1 ஆகும்வரை லூப்பில் காத்திருந்து, பிறகு மட்டத்தைப் படித்து, அது முழு அளவான 143 அடியை நெருங்கினால் எச்சரிக்கை விடுக்கிறது.

முதலில் இரண்டையும் சி மொழியில் சாதாரண இன்ட் மாறிகளாக அறிவித்து, ஜிசிசி கம்பைலரில் (நிரலைச் செயலியின் கட்டளைகளாக மாற்றும் மென்பொருள்) இரண்டாம் நிலை ஆப்டிமைசேஷனுடன் (நிரலை வேகமாக்கும் -O2 தெரிவு) அசெம்பிளி வெளியீட்டை, அதாவது அந்தக் கட்டளைகளின் பட்டியலை, எடுத்துப் பாருங்கள். காத்திருக்கும் லூப்புக்குள் நினைவகத்தைப் படிக்கும் கட்டளையே இருக்காது. ‘தயார்’ ஒரே ஒருமுறை படிக்கப்பட்டு, 0 எனில் நிரல் அங்கேயே முடிவின்றிச் சுற்றும். இது கம்பைலரின் பிழை அன்று. வேறொரு த்ரெட் மாற்றக்கூடும் என்று நாம் அறிவிக்காத மாறியை மாறாதது எனக் கொள்ள மொழியின் விதிகளே அதற்கு இடம் தருகின்றன.

அடுத்து, ‘தயார்’ மாறியை மட்டும் சி மொழியின் 2011ஆம் ஆண்டுத் தரநிலையில் சேர்ந்த அட்டாமிக் வகைக்கு (பல த்ரெட்கள் பாதுகாப்பாகப் பகிர்ந்துகொள்ளும் மாறி வகை) மாற்றுங்கள். இப்போது லூப்பின் ஒவ்வொரு சுற்றிலும் படிப்பு நிகழும். எழுதும் இடத்தில், இன்டெல் 64 பிட் செயலிக்கு எக்ஸ்சேஞ்ச் கட்டளையோ, சாதாரணமாக எழுதும் மூவ் கட்டளையை அடுத்து, நினைவக வரிசையைக் காக்கும் தடுப்புக் கட்டளையான எம்ஃபென்ஸோ வரும். நாம் ஒழுங்கு (நினைவகப் படிப்பும் எழுதுதலும் எந்த வரிசையில் நிகழ வேண்டும் என்ற விதி) எதையும் குறிப்பிடாதபோது கம்பைலர் மிகக் கடுமையான ஒழுங்கையே எடுத்துக்கொள்வது இதற்குக் காரணம்.

மூன்றாவதாக, எழுதுவதற்கு ரிலீஸ், படிப்பதற்கு அக்வயர் என்ற சற்றுத் தளர்ந்த ஒழுங்குகளைக் குறிப்பிடுங்கள். இன்டெல்லில் இரண்டும் வெறும் மூவ் ஆகிவிடும்; வரிசை பற்றி எந்த உறுதியும் தராத ரிலாக்ஸ்டு என்று குறிப்பிட்டாலும் அதே மூவ்தான். அப்படியானால் வேறுபாடு எங்கே என்பதை நின்று கவனிக்க வேண்டும். ரிலீஸாக எழுதும் கட்டளைக்கு முன் உள்ள, ‘மட்டம்’ மாறியில் எழுதும் கட்டளையை அதற்குப் பின்னால் நகர்த்தக் கம்பைலருக்கு உரிமை இல்லை, ஆனால் ரிலாக்ஸ்டாக எழுதும் கட்டளையைத் தாண்டி நகர்த்த உரிமை உண்டு. ஆகவே இந்த வேறுபாடு கட்டளையின் பெயரில் தெரியாமல், கட்டளைகளின் வரிசையில் மறைந்திருக்கிறது. 64 பிட் ஏஆர்எம் செயலிக்குக் கம்பைல் செய்தால் ரிலீஸுக்கு எஸ்டிஎல்ஆர் என்ற தனிக் கட்டளையே வருவதால் வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். தொடக்கத்தில் இரண்டு செயலிகளுக்குமான வெளியீடுகளை அருகருகே வைத்துப் படிப்பது மிகவும் பயன்தரும் என்பது என் உறுதியான கருத்து.

மாறியை அறிவிக்கும்போது சேர்க்கும் வாலடைல் என்ற சி மொழிக் குறிச்சொல் இதற்கு மாற்று ஆகாது. அது ஒவ்வொரு முறையும் படிக்க வைக்குமே தவிர, மற்றச் சாதாரண மாறிகளின் வரிசையைக் காப்பதில்லை.

அட்டாமிக் மாறியில் ஒன்றைக் கூட்டும்போது ‘++’ எழுதினால், இன்டெல்லில் கட்டளைக்கு முன் வரும் லாக் முன்னொட்டுடன் பிரிக்க முடியாத ஒரே செயலாக அமையும். படிப்பதையும் எழுதுவதையும் தனித்தனியே எழுதினால் இடையில் மற்றொரு த்ரெட் நுழைந்துவிடக்கூடும். செயலியால் ஒரே கட்டளையில் கையாள முடியாத பெரிய ஸ்ட்ரக்சரை (பல மாறிகளை ஒன்றாகச் சேர்த்த தொகுப்பு) அட்டாமிக் ஆக்கினால், கம்பைலர் அந்த வேலையைச் செய்யும் நூலகச் செயற்கூறை அழைக்கும் கட்டளையை இடும். அப்போது லிங்க் செய்கையில் (நிரலை நூலகங்களோடு இணைக்கையில்) பிழை வந்தால் லிப்அட்டாமிக் நூலகத்தைச் சேர்க்கவும்.