கோகைன் எந்தப் பூட்டின் சாவி? ஊக்கப் போதைப்பொருள்களை விளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போதைப்பொருள் விழிப்புணர்வுக் கட்டுரைகளில் ஒரு படம் தவறாமல் வரும்: ஏற்பி (நரம்பணுவின் மேல் இருந்து ரசாயனச் செய்தியை வாங்கும் புரதம்) என்னும் பூட்டு, அதில் போய்ப் பொருந்தும் போதைப்பொருள் என்னும் சாவி. மார்ஃபினுக்கும் நிகோட்டினுக்கும் அந்தப் படம் சரி. இரண்டும் தத்தம் ஏற்பியில் நேராகப் போய் ஒட்டிக்கொள்கின்றன. அதையே கோகைனுக்கும் மெத்தம்பெட்டமைனுக்கும் வரைவதுதான் முதல் தவறு. மற்றவை பெரும்பாலும் இதன் பிள்ளைகள்.

ஒரு நரம்பணு வெளிவிடும் டோபமைன் என்னும் செய்தி ரசாயனம், அடுத்த அணுவின் ஏற்பிகளைத் தட்டி எழுப்புகிறது. பிறகு வெளிவிட்ட அணுவே ஒரு புரதத்தின் வழியே அதைத் திரும்ப இழுத்துக்கொள்கிறது. இந்தப் புரதத்தைக் ‘கடத்தி’ என்று எழுதுகிறார்கள். டோபமைனையே ‘நரம்பியக்கடத்தி’ என்று சொல்லும் தமிழில் இதைவிடக் குழப்பம் வேண்டியதில்லை. நான் ‘மீள் உறிஞ்சி’ என்கிறேன். முற்றத்துத் தண்ணீர் வடியும் தூம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். கோகைன் தூம்பை அடைக்கிறது, டோபமைன் தேங்குகிறது. மெத்தம்பெட்டமைனோ தூம்பு வழியே உள்ளே நுழைந்து, அணுவுக்குள் சிறு பைகளில் சேமித்திருந்த டோபமைனைக் கசியவிட்டு, தூம்பையே எதிர்த்திசையில் ஓட வைக்கிறது. ‘டோபமைனைச் சுரக்கச் செய்கிறது’ என்று இரண்டையும் ஒரே வரியில் முடிப்பது சோம்பல்.

இது வெறும் சொற்சண்டை அன்று. ஹெராயின் அளவு மீறினால் நலோக்சோன் என்னும் மருந்து அதை ஏற்பியிலிருந்து தள்ளிவிட்டு ஆளைக் காப்பாற்றும். கோகைனுக்கு அப்படி ஒரு மாற்றுமருந்து கிடையாது. அது நார்அட்ரினலின் என்னும் இன்னொரு செய்தி ரசாயனத்தையும் தேங்க வைக்கிறது, இதயத்தின் ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது, இதயத் துடிப்பின் மின்னோட்டத்தையும் குலைக்கிறது. ஆகவே நெஞ்சுவலி வந்தவர் மருத்துவரிடம் உண்மையை மறைப்பது உயிரோடு விளையாடுவது.

அடுத்த தவறு, ‘போதை ஏற்பிகளை அழித்துவிடுகிறது’ என்பது. 1990களில் மூளை ஆய்வாளர் நோரா வோல்கோவின் குழு எடுத்த பெட் ஸ்கேன்களில் (மூளையின் ரசாயனச் செயல்பாட்டைக் காட்டும் படங்கள்), கோகைன் பழக்கம் உள்ளவர்களுக்கு டி2 வகை டோபமைன் ஏற்பிகள் குறைவாகத் தெரிந்தன. அந்த ஸ்கேன் ஏற்பிகளைத் தலை எண்ணுவதில்லை. காலியாக இருப்பவற்றை மதிப்பிடுகிறது. டோபமைன் ஓயாமல் தட்டினால் அணுவே தன் ஏற்பிகளைக் குறைத்துக்கொள்ளும், தெருக்கூச்சலுக்குச் சன்னலைச் சாத்துவது போல.

ஏற்பி குறைந்ததால் பழக்கம் வந்ததா, பழக்கத்தால் ஏற்பி குறைந்ததா? மனிதர்களிடம் பார்த்துச் சொல்வது கடினம். குரங்குகளிடம் பார்த்தார்கள். 2002இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், தனித்தனியே வளர்ந்த மக்காக் குரங்குகளைச் சிறு கூட்டங்களாகச் சேர்த்தபோது, கூட்டத்தில் தலைமை பிடித்தவற்றுக்கு டி2 அளவு உயர்ந்தது. அடங்கிப்போனவற்றுக்கு உயரவில்லை, கோகைனைத் தாமாகவே அதிகம் செலுத்திக்கொண்டவையும் இவைதான். 2006இல் வந்த இன்னொரு குரங்கு ஆய்வு மறுபக்கத்தைக் காட்டியது: கோகைன் டி2 அளவைக் குறைக்கவும் செய்கிறது. இரு திசையிலும் ஓடும் வழி இது. ஓராண்டு கோகைன் எடுத்தவற்றில் சில, நிறுத்திய மூன்று மாதத்தில் மீண்டன. சில ஓராண்டு கடந்தும் மீளவில்லை. ‘மூளை நிரந்தரமாகக் கெட்டுவிட்டது’ என்று நோயாளியை மிரட்டுவதும், ‘இருபத்தொரு நாள் டோபமைன் விரதம்’ விற்பதும் ஒரே ரகப் பொய்.

டோபமைனை ‘இன்ப ரசாயனம்’ என்பதையும் விட்டுவிடலாம். டோபமைன் ஏறக்குறைய இல்லாமல் செய்யப்பட்ட எலியும் வாயில் விட்ட இனிப்பை ரசித்தது. தேடிப் போய்த் தின்னத்தான் அதற்கு உந்துதல் இல்லை. காபியையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். கஃபீன் அடைப்பது, தூக்கக் கலக்கம் தரும் அடினோசின் என்னும் ரசாயனத்தின் ஏற்பியை.

கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறுக்கு (ADHD) தரும் மெத்தில்ஃபெனிடேட்டும் கோகைன் அடைக்கும் அதே தூம்பைத்தான் அடைக்கிறது. இதைப் படித்துவிட்டுப் பிள்ளையின் மாத்திரையை நிறுத்தும் பெற்றோர் உண்டு. வேறுபாடு வேகத்தில் இருக்கிறது. விழுங்கிய மாத்திரை மூளையில் உச்சத்தை எட்ட ஒரு மணி நேரம் போல ஆகும். புகைத்த கோகைன் சில நொடிகளில் மூளையைத் தொடும். அந்தத் திடீர் ஏற்றம்தான் போதை. அதனால்தான் இதே மாத்திரையைப் பொடித்து ஊசியில் ஏற்றிக்கொள்பவருக்கு அது மருந்தாக இருப்பதில்லை.