கம்பு நட்டு கேமோ வலை கட்டுவது எப்படி: பறவைப் படம் எடுக்கிறவர்களுக்கு

பறவை கண்ணில் படாமல் உள்ளே ஒளிந்து உட்காருவதற்காகக் கட்டுகிற, இலை தழை மாதிரித் தெரியும் வலைதான் கேமோ வலை. அதைக் கம்பில் கட்டும்போது எல்லாரும் செய்கிற தப்பு ஒன்றுதான், நானும் செய்தேன். பந்தல் துணி மாதிரி நாலு மூலையிலும் இழுத்து விறைப்பாகக் கட்டிவிடுவோம். பார்க்க அழகாகத்தான் இருக்கும். எட்டு மணிக்கு மேல் காற்று எடுத்ததும் வலை முழுக்க ஒரே பலகையாகப் படபடவென்று அடிக்கும், முன்னால் மேய்ந்துகொண்டிருந்த வாத்துக் கூட்டம் மொத்தமும் அக்கரைக்குப் போய்விடும். திருநெல்வேலிப் பக்கம் ஒரு குளத்தில் நான் கட்டிய முதல் மறைப்பு இப்படித்தான் முடிந்தது. நாலு மணிக்கு எழுந்து போனதற்கு மிச்சம் ஒரு ஆள்காட்டிக் குருவி, அதுவும் என் தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்தி ஊருக்கே என்னைக் காட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தது. அன்றைக்குப் புரிந்தது, வலையின் நிறத்தைப் பற்றி நாம் படும் கவலையில் பாதியை அதன் ஆட்டத்தைப் பற்றிப் பட்டிருக்கலாம் என்று. கயிறு விறைப்பாக இருக்கணும், வலை தொய்வாகத் தொங்கணும். கீழே சொல்லப்போவது எல்லாம் இதைச் செய்து முடிக்கிற வழிதான்.

கம்பு நட்டு வலை கட்டும் இந்த வழக்கம் வந்தது வேறு இடத்திலிருந்து. இங்கிலாந்தில் பட்டாணி வயலிலும் எண்ணெய்வித்து வயலிலும் இறங்கும் காட்டுப்புறாக்களைச் சுடுகிறவர்கள், வேலி ஓரமாக நாலைந்து நீட்டி மடக்கும் கம்பிகளை நட்டு, அதில் வலையைத் தொங்கவிட்டு உள்ளே உட்கார்ந்துகொள்வார்கள். அந்தக் கம்பியின் அடி கூராக இருக்கும், காலால் மிதித்து மண்ணில் இறக்க ஒரு மிதி இருக்கும், தலையில் வலையைத் தாங்க ஒரு கவட்டை. நம் ஊரில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, அதனால் துப்பாக்கி இருந்த இடத்தில் கேமரா. அதே சட்டத்தில் வேட்டை என்ற சொல்லுக்குள் பறவையின் கூட்டையும் முட்டையையும் கலைப்பதும் அடங்கும் என்பதை நிறைய பேர் கவனிப்பதில்லை. கூடு இருக்கிற மரத்தடியிலோ புதரோரமோ மறைப்பு கட்டவே கூடாது. வேடந்தாங்கல், கூந்தன்குளம், வேட்டங்குடி மாதிரி சரணாலயங்களுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு குச்சி நட்டாலும் வம்புதான். நான் சொல்வது சொந்த வயல், தெரிந்தவர் தோட்டம், ஊர்க் குளத்துக் கரை இவற்றுக்கு. குளத்தை மீன் குத்தகைக்கு எடுத்தவரிடம் முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நான் சொல்லாமல் போன ஒரு நாள் ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருவர் கம்போடு வந்து நின்றார். "என்னடே, கொக்கு பிடிக்கவா வலை கட்டுதே?" "இல்ல அண்ணாச்சி, போட்டோ எடுக்க." அவர் நம்பவில்லை. கேமராத் திரையில் நாலு படத்தைக் காட்டின பிறகுதான் கம்பைக் கீழே வைத்தார்.

சரி, கம்புக்கு வருவோம். ஆன்லைனில் அலுமினியக் கம்பி கிடைக்கிறது, எடை குறைவு, பைக்கில் கட்டிப் போக வசதி. ஆனால் நம் குளத்துக் கரையில் சீமைக்கருவேலம் இல்லாத இடம் உண்டா? கட்டைவிரலைவிடக் கொஞ்சம் தடிமனாக, தலையில் கவட்டை விட்டுப் பிரிகிற மாதிரி ஆறடிக் கம்பு ஐந்து வெட்டிக்கொள்ளுங்கள், இடத்துக்காரரைக் கேட்டுவிட்டு. முள்ளை ஒன்றுவிடாமல் சீவுங்கள். ஒரு முள் மிச்சமிருந்தாலும் வலை அதில் மாட்டி, நீங்கள் நகரும்போதெல்லாம் சேர்ந்து நகரும். சவுக்குக் கழியும் மூங்கிலும் நல்லதுதான், ஆனால் இரண்டும் வழுவழுப்பு, கயிறு கீழே சறுக்கும். கட்டுகிற இடத்தில் கத்தியால் சின்னதாக ஒரு வெட்டு போட்டுவிட்டால் நிற்கும். கவட்டைக்கு மேல் நுனியை நீட்டி விட்டுவிடாதீர்கள். நான் விட்டேன், மீன்கொத்தி ஒன்று நேராக வந்து அதில் உட்கார்ந்தது. என் தலைக்கு ஓரடி மேலே! கேமரா எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருக்க, அது அரைமணி நேரம் ஓய்வெடுத்துவிட்டுப் போனது.

ஒரு ஆள், ஒரு முக்காலி, ஒரு டிரைபாட். இதற்கு நாலடிக்கு நாலடி போதும். நாலு மூலைக்கு நாலு கம்பு, முன்பக்கம் நடுவில் ஐந்தாவது. அந்த ஐந்தாவதை மட்டும் மற்ற இரண்டுக்கும் நேர்கோட்டில் வைக்காமல் அரையடி முன்னே தள்ளி நடுங்கள், முன்பக்கம் தட்டையான சுவராகத் தெரியாமல் புதர் மாதிரி பிதுங்கி நிற்கும். கடப்பாரையால் ஒன்றரை அடி குழி போட்டுக் கம்பை இறக்கி, சுற்றி மண்ணைப் போட்டு மிதிக்கணும். கரிசல் மண் ஈரமாக இருக்கும்போது கம்பு வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும், வெயில் ஏறினதும் மண் வெடித்து ஆட ஆரம்பிக்கும்; அங்கே குழியில் இரண்டு கல்லைச் செருகி இறுக்குங்கள். கடற்கரை மணலில் குழி நிற்காது. பழைய பெயிண்ட் டப்பாவில் மணல் நிரப்பி அதில் கம்பை நிறுத்தி, டப்பாவைப் பாதி புதைத்துவிடலாம். முன்மூலைக் கம்பு இரண்டிலிருந்தும் பக்கவாட்டில் சாய்வாக ஒரு இழுகயிறு கட்டி, ஆட்டுக்கு அடிக்கிற மாதிரி முளை அடித்துவிட்டால், ஆடி மாதக் காற்றுக்குக்கூடப் பயமில்லை.

இப்போது மேல்கயிறு. பலர் இதை விட்டுவிட்டு வலையை நேராகக் கம்பில் கட்டுகிறார்கள், அப்போது வலையின் எடை முழுக்க ஐந்து புள்ளிகளில் தொங்குகிறது, நடுவெல்லாம் தொட்டில் மாதிரி இறங்குகிறது, அதைச் சரிசெய்யத்தான் இழுத்து விறைக்கிறார்கள். தப்பு தொடங்குவது இங்கேதான். அதற்குப் பதிலாக, தரையிலிருந்து நாலேகால் அடி உயரத்தில் பச்சையோ பழுப்போ ஆன நைலான் கயிறு ஒன்றை ஐந்து கம்பையும் சுற்றிக் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு கம்பிலும் ஒரு சுற்று சுற்றி, அதன்மேல் குறுக்காக இன்னொரு சுற்று போட்டு, அந்த இரண்டாவது சுற்றுக்கு அடியிலேயே கயிற்றை நுழைத்து இழுங்கள், இறுகிவிடும். பின்பக்கம் மட்டும் அவிழ்க்கிற மாதிரி முடிச்சு. தட்டினால் கம்பி மாதிரி அதிரணும், அந்த அளவு விறைப்பு. எடையைத் தாங்குவது இனி இந்தக் கயிறு, வலைக்கு வேலை தொங்குவது மட்டும்.

வலை எவ்வளவு வேண்டும்? சுற்றளவு பதினாறு அடி, தொய்வுக்குக் கால்பங்கு கூட்டினால் இருபது, பின்பக்கம் ஒன்றன்மேல் ஒன்று ஏற ஒரு முழம். ஏழு மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம் என்று வாங்குங்கள், இரண்டு துண்டாக இருந்தாலும் பரவாயில்லை. வாங்கும்போது இலை வெட்டுத் துணிக்குப் பின்னால் கயிற்று வலை இருக்கிறதா என்று பாருங்கள், வெறும் துணி மட்டும் என்றால் இரண்டு காற்றில் கிழியும். நர்சரிக்காரர்கள் கட்டும் பச்சை ஷேட் நெட் மலிவு, ஆனால் வெயிலில் மினுங்கும், ஒரே பச்சையாகவும் தெரியும். வேறு வழியில்லை என்றால் சேற்றுத் தண்ணீரில் முக்கிக் காயவைத்து எடுத்துப் போங்கள். மீன்வலை மட்டும் வேண்டவே வேண்டாம். அதில் பாம்பும் பறவையும் சிக்கிக்கொள்ளும், பிறகு எடுக்க முடியாது.

கட்டுவதைப் பின்பக்கத்து ஒரு மூலையில் தொடங்குங்கள். வலையின் மேல் விளிம்பை மேல்கயிற்றுக்கு மேலே கொண்டுபோய் ஒரு சாண் அளவுக்கு உள்பக்கம் மடித்துப் போடுங்கள். அடுத்த கம்பு நாலடியில் இருந்தால் ஐந்தடி வலையை அந்த இடைவெளிக்குள் கொடுங்கள், திரைச்சீலை மாதிரி மடிப்பு மடிப்பாக. அந்த மடிப்பில் விழுகிற நிழல்தான் உண்மையான மறைப்பு.

கம்பில் பிடித்துக்கொள்ள எதைப் பயன்படுத்துவது என்று எல்லாவற்றையும் பரிசோதித்துப் பார்த்துவிட்டேன். கேபிள் டை அறுக்கக் கத்தி வேண்டும், வெட்டின துண்டெல்லாம் கரையில் கிடக்கும். சணல் நனைந்தால் முடிச்சு அவிழாது. எனக்கு ஒத்துவந்தது சைக்கிள் கடையில் தூக்கிப் போடுகிற பழைய டியூப். விரல் அகலத்துக்கு, ஒரு முழ நீளத்துக்கு நாடா நாடாவாக வெட்டிக்கொள்ளுங்கள். வலையில் ஒரு கிள்ளு கிள்ளி எடுத்துக் கம்போடு சேர்த்துப் பிடித்து, டியூபை இழுத்து மூன்று சுற்று சுற்றி, நுனியைக் கடைசிச் சுற்றுக்குள் செருகுங்கள். முடிச்சே கிடையாது. காற்று அடித்தால் ரப்பர் கொஞ்சம் கொடுக்கும், திரும்ப இழுத்துக்கொள்ளும். கம்பும் ஆடாது, வலையும் கிழியாது. கழற்றும்போது நுனியை இழுத்தால் போதும். ஒவ்வொரு கம்பிலும் மேலே ஒன்று, இடுப்பளவில் ஒன்று, தரையை ஒட்டி ஒன்று. கம்புகளுக்கு நடுவில் மேல்கயிற்றில் துணி காயப்போடுகிற மரக் கிளிப் இரண்டு. சிவப்பு, மஞ்சள் பிளாஸ்டிக் கிளிப்பைக் கொண்டுபோய் மாட்டுகிறவர்களை என்ன சொல்ல.

ஓரத்தில் வளையம் இல்லாத வலையாக இருந்தால், அல்லது நடுவில் எங்காவது இழுகயிறு கட்டவேண்டி வந்தால், ஓட்டை போடாதீர்கள். கோலிக்குண்டு அளவு கூழாங்கல் ஒன்றை வலைக்கு உள்பக்கம் வைத்து, வெளியிலிருந்து அதைப் பொட்டலம் மாதிரி பிதுக்கி, பிதுங்கின கழுத்தில் கயிற்றைச் சுருக்குப் போட்டு இறுக்குங்கள். எவ்வளவு இழுத்தாலும் கல் வெளியே வராது, வலையும் கிழியாது.

கீழ் விளிம்பு தரையைத் தொட்டும் அரையடி மிச்சம் இருக்கணும். அதை உள்பக்கம் மடித்து மண்கட்டி, கல், உங்கள் பை எதையாவது வைத்துவிடுங்கள். காற்று உள்ளே புகுந்து வலையை ஊதித் தூக்குவது இந்தக் கீழ் இடுக்கு வழியாகத்தான்.

பின்பக்கம் தனி விஷயம். காலையில் ஒளி பறவைமேல் விழணும் என்றால் நீங்கள் கிழக்குக்கு முதுகு காட்டி உட்காரணும். அப்போது சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால், வலை வழியாக வெளிச்சம் உள்ளே வரும், நீங்கள் பொம்மலாட்டத் திரையில் நிழல் மாதிரி முன்பக்கம் பளிச்சென்று தெரிவீர்கள். கையைத் தூக்கினால் அதுவும் தெரியும். அதனால் பின்சுவரில் வலைக்கு உள்ளே ஒரு கருநீல லுங்கியோ, சாக்கோ, பழைய போர்வையோ தொங்கவிடுங்கள். நுழைகிற இடமும் அங்கேதான்: வலையின் இரண்டு முனையும் ஒரு முழம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும், கம்பில் ஒரு முனையை மட்டும் கட்டிவிட்டு மற்றதைக் கிளிப்பில் மாட்டினால் அதுவே கதவு.

கூரையை முழுதாகப் போடவேண்டாம், வேர்த்துச் செத்துவிடுவீர்கள். மூலைக்கு மூலை இரண்டு கயிற்றைக் குறுக்காகக் கட்டி, மிச்ச வலைத் துண்டைத் தலைக்கு நேர் மேலே மட்டும் போட்டால் போதும். தரையில் மேய்வது உங்களைப் பார்க்காது, ஆனால் பறந்து வந்து இறங்குகிற நாரையும் கொக்கும் மேலிருந்து பார்க்கும்.

லென்ஸுக்கு ஜன்னல் வெட்டுவதைக் கடைசியில் யோசியுங்கள், பெரும்பாலும் தேவையே வராது. முக்காலியில் உட்கார்ந்து, லென்ஸ் வருகிற உயரத்தில் வலையின் இழைகளை இரண்டு பக்கமும் ஒதுக்கிக் கிளிப் போடுங்கள், ஒரு சாண் அகலம் போதும். லென்ஸை வெளியே நீட்டாமல் வலைக்கு ஒரு விரற்கடை உள்ளே நிறுத்தி, மேலிருந்து ஒரு துண்டு வலையை அதன்மேல் தளர்வாகத் தொங்கவிடுங்கள். லென்ஸ் திரும்பும்போது வலையும் சேர்ந்து திரும்பினால் எங்கோ மாட்டியிருக்கிறது என்று அர்த்தம், அவிழ்த்து இன்னும் தொய்வு கொடுங்கள். உள்ளான் குருவியை அதன் கண் மட்டத்தில் எடுக்கணும் என்றால் படுத்துக்கொண்டுதான் எடுக்கணும், அதற்கு இரண்டடிக் கம்பு போதும், மற்ற எல்லாம் இதேதான்.

முடிந்தால் முதல் நாள் மாலை கம்பை மட்டும் நட்டுவிட்டு வாருங்கள், மறுநாள் வலை, அதற்கு மறுநாள் நீங்கள். நாணல், கோரை, சம்பு எது பக்கத்தில் இருக்கிறதோ அதில் நாலு கைப்பிடியை வலைக் கண்ணிகளில் செருகலாம், அடிப்பக்கம் கீழே இருக்கிற மாதிரி. மறுநாள் அது வாடி வேறு நிறமாகிவிடும், மாற்றணும். ராத்திரி முழுக்க நின்ற வலைக்குள் இருட்டில் தலையை விடாதீர்கள். டார்ச் அடித்து, குச்சியால் கீழ்மடிப்பைக் கிளறிப் பார்த்துவிட்டு நுழையுங்கள். சாக்குக்கு அடியில் கட்டுவிரியன் படுத்திருந்த காலை ஒன்றை நான் மறக்கப்போவதில்லை.

பிரிக்கும்போது தலைகீழ் வரிசை: முதலில் கூரை, அப்புறம் கிளிப், டியூப், கடைசியில் மேல்கயிறு. டியூப் நாடா எத்தனை கொண்டுபோனீர்களோ அத்தனையையும் எண்ணி எடுங்கள். வலையை மடிக்காமல் ஒரு கம்பில் சுருட்டினால் அடுத்த தடவை சிக்கெடுக்கிற வேலை இல்லை, ஈரமாக இருந்தால் வீட்டில் நிழலில் உலர்த்திவிட்டுச் சுருட்டுங்கள். ஐந்து குழியையும் மண் போட்டு மிதித்து மூடிவிட்டுக் கிளம்புங்கள், ஆட்டுக் கால் ஒன்று அதில் இறங்கினால் அப்புறம் அந்த அண்ணாச்சிக்கு எத்தனை படம் காட்டினாலும் நடக்காது.