வெப்ப நாட்டு நன்னீர்ப் பெருமீன்களுக்குத் தூண்டில் தேர்ந்தெடுப்பது எப்படி?

பள்ளி விடுமுறைக்குத் தாய்லாந்துக்கோ மலேசிய ஏரிகளுக்கோ தூண்டில் போடச் செல்லும் சிங்கப்பூர்க்காரர்கள் பலர், கடையில் முதலில் கேட்பது இந்தக் கோல் எத்தனை கிலோ மீனைத் தாங்கும் என்பதைத்தான். அதற்கு முன் கேட்க வேண்டியவை இரண்டு உண்டு: முள்ளில் சிக்கியதும் அந்த மீன் எங்கே ஓடும்? அது ஓடும் நீர் எவ்வளவு சூடானது? 15 பாகை செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீரில் சுமார் 10 மில்லிகிராம் உயிர்வாயு கரைந்திருக்க முடியும்; 30 பாகையில் அது ஏறக்குறைய 7.5 மில்லிகிராமாகக் குறைந்துவிடுகிறது. ஆகவே, மெல்லிய தூண்டில் நரம்பில் நெடுநேரம் போராட வைத்துக் கரைசேர்த்த மீன், விட்டதும் நீந்திச் சென்றாலும் பின்னர் பிழைக்காமல் போகலாம். மெல்லிய தூண்டிலில் பெரிய மீனைப் பிடிப்பதே திறமை என்ற பேச்சைச் சூடான நீருக்கு நான் ஏற்பதில்லை.

முதலில் தோமானை எடுத்துக்கொள்வோம். விராலின் முரட்டு உறவினரான இந்த மீனைத் தேடித்தான் நம்மவர்கள் பேராக்கின் தெமெங்கோர் ஏரிக்கும் திரங்கானுவின் கென்யிர் ஏரிக்கும் செல்கிறார்கள். இரண்டும் அணை கட்டிக் காட்டை மூழ்கடித்ததால் உருவானவை என்பதால், நீருக்கடியில் மரங்கள் இன்னும் நிற்கின்றன. லூரை, அதாவது செயற்கை இரையை, கவ்விய தோமான் நேரே அந்த மரங்களுக்குள் பாயும். முதல் சில விநாடிகளில் அதைத் திருப்பாவிட்டால் நரம்பு அறுந்துவிடும். எனவே 50 முதல் 65 பவுண்டு வலிமையுள்ள பிரெய்டு (பல இழைகளைப் பின்னிய) நரம்பும், அதன் நுனியில் 60 முதல் 80 பவுண்டு ஃபுளோரோகார்பன் லீடரும் (லூருக்கு முன் கட்டும் நரம்புத் துண்டு), 7 அடிக்குச் சற்றுக் குறைவான, அடிப்பகுதி விறைப்பான கோலும் தேவை. தோமானின் பற்கள் கூர்மையானவை என்பதால் சிலர் கம்பி லீடரே வேண்டும் என்பார்கள். கம்பி லூரின் அசைவைக் கெடுப்பதால், தடித்த ஃபுளோரோகார்பனைக் கட்டி, ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் அதை விரலால் தடவிப் பார்த்துச் சொரசொரத்த பகுதியை வெட்டி எறிவதே எனக்குப் பிடித்த வழி.

பிரெய்டு வாங்கும்போது ஓர் எச்சரிக்கை. உறையில் பிஇ 4 என்று அச்சிட்டிருப்பது நரம்பின் தடிமனைக் குறிக்குமே தவிர வலிமையை அன்று; அதே எண்ணுள்ள நரம்பின் வலிமை தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். பவுண்டு கணக்கைத் தனியே பாருங்கள்.

உண்மையில் பெரிய மீன்கள் தப்புவது பெரும்பாலும் கோலினாலோ நரம்பினாலோ அன்று. முள்ளினாலும் அதை லூருடன் இணைக்கும் சிறு வளையத்தாலும்தான். கடையில் வாங்கும் பல லூர்களில் இருக்கும் மும்முனை முட்கள் மிதமான மீன்களுக்கு ஏற்ற மெல்லிய கம்பியால் ஆனவை. தெமெங்கோரில் என் கையிலிருந்து போன ஒரே பெரிய தோமான், அப்படிப்பட்ட முள்ளை ஊசிபோல நிமிர்த்திவிட்டுத்தான் போனது. முந்நூறு வெள்ளிக் கோலில் ஒரு கீறல்கூட இல்லை. பணத்தை முதலில் தடித்த ஒற்றை முட்களிலும் வலுவான வளையங்களிலும் செலவிடுங்கள். முள்ளின் நுனிக்குச் சற்றுக் கீழே பின்னோக்கி நிற்கும் சிறு எதிர்முனையை இடுக்கியால் நசுக்கிவிட்டால் மீனின் வாயிலிருந்தும், தவறினால் உங்கள் விரலிலிருந்தும், அது எளிதில் வெளிவரும்.

பாங்காக் சுற்றுவட்டாரக் குளங்களுக்குக் கணக்கு வேறு. அங்கே வளர்க்கப்படும் மேகோங் பெருங்கெளுத்தி, 2005-இல் வட தாய்லாந்தில் 293 கிலோ எடையில் பிடிபட்ட இனத்தைச் சேர்ந்தது. வளர்ந்த கெளுத்திக்குப் பற்கள் இல்லாததால் கம்பி லீடர் தேவையே இல்லை. திறந்த நீரில் அது நெடுந்தூரம் ஓடும் என்பதால், 250 மீட்டருக்குக் குறையாமல் நரம்பு கொள்ளும் 8000 அளவு ரீலும் (நரம்பு சுற்றும் உருளை), சற்று வளைந்துகொடுக்கும் நீண்ட கோலும் வேண்டும். தென் அமெரிக்கப் பெருமீனான அரபைமாவுக்கும் அதே ரீல் போதும். அதன் வாய் எலும்பும் சொரசொரப்பும் மிகுந்தது என்பதால் 100 பவுண்டு நைலான் லீடர் நல்லது. ஒருமுறை மட்டும் போகிறவர்கள் குளத்திலேயே வாடகைக்குக் கிடைக்குமா என்று விசாரித்துக்கொள்ளலாம்.

ரீலின் டிராக், அதாவது நரம்பை விட்டுக்கொடுக்கும் பிடிப்பு, நரம்பின் வலிமையில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை இருக்கட்டும். 50 பவுண்டு நரம்புக்கு அது சுமார் 6 முதல் 7.5 கிலோ. கையால் இழுத்துப் பார்த்து முடிவு செய்வதில் நம்மில் பெரும்பாலோர் ஏமாந்துபோகிறோம். விமானப் பயணப் பெட்டியை எடைபோட வீட்டில் வைத்திருக்கும் கொக்கித் தராசில் நரம்பைக் கட்டி, கோலை வளைத்து இழுத்தால் சரியான எண் தெரிந்துவிடும். புதிதாகக் கற்ற முடிச்சையும் அதிலேயே சோதிக்கலாம்.

புறப்படும் முன் உள்ளூரில் ஒருமுறை எறிந்து பாருங்கள். தோமானும் பீகாக் பாஸும் நம் நீர்த்தேக்கங்களிலும் உண்டு. ஆனால் பொதுப் பயனீட்டுக் கழகம் அனுமதித்துள்ள இடங்களில் மட்டும், செயற்கை இரையைக் கொண்டே தூண்டில் போட வேண்டும்.

வெயிலில் பொருள்களைக் காப்பதும் தேர்வின் ஒரு பகுதிதான். மென்பிளாஸ்டிக் லூர்களை மற்ற லூர்களோடு ஒரே பெட்டியில் போட்டு படகில் வைத்தால், மாலையில் எல்லாம் உருகி ஒட்டிக்கொண்ட ஒரு கட்டிதான் மிஞ்சும். அவற்றை அவற்றின் உறையிலேயே வையுங்கள். நைலான் நரம்பு வெயிலில் வலுவிழக்கும் என்பதால் சென்ற ஆண்டின் நரம்பை இந்தப் பயணத்துக்கு நம்ப வேண்டாம்.

விமானத்தில் செல்வோருக்கு நான்காகப் பிரியும் 7 அடிக் கோல் வசதியானது. பிரித்தால் 60 சென்டிமீட்டருக்குள் அடங்கிச் சாதாரணப் பெட்டியில் போகும். முட்கள், கத்தி, இடுக்கி ஆகியவற்றையும் அதே பெட்டியில் வைத்துச் சரக்கில் போட்டுவிடுங்கள். டிராக்கைத் தளர்த்திய பிறகு ரீலைத் துணியில் சுற்றிக் கைப்பையில் எடுத்துச் செல்லலாம், நரம்பு சுற்றியிருந்தால் விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு.