கிரிப்டோ வாலட்டைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

வாலட்டுக்குள் நாணயம் எதுவும் இருப்பதில்லை. அது பிளாக்செயின் எனும், பல கணினிகளில் பகிர்ந்து வைக்கப்படும் பதிவேட்டில்தான் இருக்கிறது, அதைச் செலவிட உதவும் தனிச்சாவி எனும் இரகசிய எண்ணை மட்டுமே வாலட் காக்கிறது. ஆகவே முதலில் முடிவு செய்ய வேண்டியது, அந்தச் சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்பதே. நாணயத்தை வாங்கி விற்கும் தளமான எக்ஸ்சேஞ்சின் கணக்கிலேயே விட்டுவைத்தால், சாவி அந்த நிறுவனத்திடம் இருக்கும்; கடவுச்சொல்லை மறந்தாலும் பெரும்பாலும் மீட்டுவிடலாம். ஆனால் 2014-இல் மவுண்ட் காக்ஸ் எக்ஸ்சேஞ்சும் 2022-இல் எஃப்டிஎக்ஸ் எக்ஸ்சேஞ்சும் திவாலானபோது, வாடிக்கையாளர்கள் தங்கள் பணத்துக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது.

அன்றாடச் சிறு தொகைக்குக் கைப்பேசிச் செயலியே போதும். நெடுநாள் சேமிப்புக்கு, சாவியை இணையத்தில் படாமல் வைத்து, பரிவர்த்தனைக்குத் தன்னுள்ளேயே கையொப்பமிடும் ஹார்ட்வேர் வாலட் எனும் சிறு கருவியே ஏற்றது. சாவியை மீண்டும் உருவாக்க உதவும் மீட்புச் சொற்கள் முன்கூட்டியே அச்சிடப்பட்ட தாளுடன் அது வந்தால், விற்றவரிடம் அந்தச் சாவி இருக்கிறது என்றே பொருள்.

சாவியை நீங்களே வைத்திருப்பதென்றால், அமைக்கும்போது திரையில் தோன்றும் 12 அல்லது 24 மீட்புச் சொற்களை வரிசை மாறாமல் தாளில் எழுதுங்கள். படம் எடுக்க வேண்டாம், அது கிளவுடுக்குப் போய்ச் சேர்ந்துவிடக்கூடும். பின்னர் சிறு தொகை ஒன்றை அந்த வாலட்டுக்கு அனுப்பி, வாலட்டை அழித்துவிட்டு, தாளைப் பார்த்து மீட்டெடுங்கள். பலரும் அலுப்பில் தவிர்க்கும் இந்தச் சோதனைதான், எழுதியதில் நேர்ந்த பிழையைப் பெருந்தொகை போகும் முன்பே காட்டிக்கொடுக்கும். வாடிக்கையாளர் சேவை என்று சொல்லி அச்சொற்களைக் கேட்பவர் எவராயினும் மோசடிக்காரரே.