ரிமோட் டெஸ்க்டாப்பில் பாஸ்வேர்ட் தவறு என்கிறதா?
லினக்ஸ் லேப்டாப்பில் ரெமினா என்ற ரிமோட் டெஸ்க்டாப் செயலியைத் திறந்து, தூரத்திலிருக்கும் விண்டோஸ் 11 கணினிக்குள் போகப் பார்த்தேன். பாஸ்வேர்ட் தவறு என்றே திரும்பத் திரும்ப வந்தது. அரைமணி நேரம் ஃபயர்வாலையும் ரிமோட் டெஸ்க்டாப் இணைப்புக்கான 3389 போர்ட்டையும் நோண்டினேன், வீண் வேலை. மறுப்பு அந்தக் கணினியிலிருந்து வருகிறதென்றால் இணைப்பு சரியாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

நான் அடித்துக்கொண்டிருந்தது விண்டோஸின் நான்கிலக்க பின் (PIN) எண். அது அந்தக் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தால்தான் செல்லும். ரிமோட்டில் கணக்கின் முழு பாஸ்வேர்டுதான் வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கு என்றால் யூசர்நேமில் முழு மின்னஞ்சல் முகவரி. அப்புறமும் அடம்பிடித்தால், அந்த விண்டோஸ் கணினியின் செட்டிங்ஸில் ‘விண்டோஸ் ஹலோ மட்டும்’ (பின், முகம், கைரேகையால் மட்டும் உள்ளே விடுவது) என்ற தேர்வை அணைத்து, அந்தக் கணினியிலேயே ஒருமுறை பாஸ்வேர்ட் போட்டு உள்ளே போய் வாருங்கள். அது விண்டோஸின் ஹோம் பதிப்பு என்றால் மெனக்கெட வேண்டாம்; வெளியிலிருந்து வரும் ரிமோட் டெஸ்க்டாப்பை ஏற்கும் வசதியே அதில் கிடையாது.